பாத்திர ஜெல் செட்: பேஸ்ட் நல்லது, செய்முறைத் தாள் மோசம்

காரைக்குடிப் பக்கம் கெமிக்கல் கடைகளில் பத்து லிட்டர் பாத்திர ஜெல் செய்துகொள்ள ஒரு செட் விற்கிறார்கள். உள்ளே எஸ்.எல்.இ.எஸ். (சோடியம் லாரெத் சல்பேட், பிசுக்கை நீக்கும் முக்கியச் சோப்புப் பொருள்) 70% பேஸ்ட் 1.2 கிலோ, சி.ஏ.பி.பி. (கோகமிடோபுரோப்பைல் பீட்டெய்ன், துணைச் சோப்புப் பொருள்) 300 கிராம், உப்பு 200 கிராம், சிட்ரிக் அமிலம் 15 கிராம், கெடாமலிருக்க ஒரு பொட்டலம், நிறம், வாசனை. தண்ணீர் 8 லிட்டர் நம்முடையது. அளவுகளில் குறையில்லை, பேஸ்ட்டிலிருந்து மட்டும் சுமார் 8% வீரியம் (தண்ணீர் நீங்கலான சோப்புப் பொருள்) வருகிறது, ஆட்டுக்கறிக் குழம்புச் சட்டிக்கே தாங்கும்.

கோளாறு செய்முறைத் தாளில். 'பேஸ்ட்டை வாளியில் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றிக் கலக்கவும்' என்கிறது. அப்படிச் செய்தால் கட்டி தட்டும். 70 சதவீதத்தில் பேஸ்ட் இருப்பது அடுக்கு நிலையில்: ஆத்தங்குடிக் கற்களை அடுக்கினதுபோல் சோப்பு மூலக்கூறுகள் தகடு தகடாக நிற்க, நடுவே தண்ணீர். தகடுகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்குவதால் கரண்டியில் அள்ள முடிகிறது. தண்ணீர் கொஞ்சம் சேர்ந்ததும் தகடுகள் உடைந்து நீண்ட உருளைகளாகி, கரும்புக் கட்டுபோல் நெருங்கி அடுக்கிக்கொள்ளும். இதுதான் அறுகோண நிலை. கட்டு எளிதில் நகராது. அதனால் நீர்க்கச் செய்யச் செய்ய இன்னும் கெட்டியாகிறது! ஏறத்தாழ 30 சதவீதத்துக்குக் கீழே போனால்தான் கட்டு அவிழ்ந்து திரவமாகும். கடைகளில் 70 சதவீதமும் 28 சதவீதமும் மட்டும் கிடைப்பது இதனால்தான்.

ஆகவே வரிசையை மாற்றுங்கள். முதலில் வாளியில் 7 லிட்டர் தண்ணீர், கை பொறுக்கும் வெதுவெதுப்பில். பேஸ்ட்டை எலுமிச்சை அளவுக்கு மேல் போகாமல் பிய்த்து, தட்டையாக்கிப் போடுங்கள். பெரிய உருண்டையாகப் போட்டால் மேல்தோல் அறுகோண நிலைக்கு மாறி, உள்ளே தண்ணீர் போகும் வழியை அடைத்துவிடும். மரக்கரண்டியால் மெதுவாகக் கிண்டினால் போதும். டிரில்லில் பிளேடு மாட்டிச் சுழற்றினால் நுரை மாட்டிக்கொண்டு மறுநாள்வரை இறங்காது. மூடி, இரவு முழுக்க விட்டால் மிச்சமிருக்கும் கட்டியும் கரையும்.

கரைந்ததா என்று பார்க்க ஒரு வழி. எல்.சி.டி. கணினித் திரையை வெள்ளையாக வைத்து, போலராய்டு குளிர்கண்ணாடி வழியே பாருங்கள். திரை இருட்டாகும்வரை கண்ணாடியைத் திருப்புங்கள். திரைக்கும் அதற்கும் நடுவே கண்ணாடித் துண்டில் மெல்லியதாகத் தடவிய பேஸ்ட்டைக் காட்டினால் பளிச்சென்று ஒளிரும். முழுதும் கரைந்த திரவம் இருட்டாகவே இருக்கும். நடுவில் வெளிச்சப் புள்ளி தெரிந்தால் அது கரையாத கட்டி.

சி.ஏ.பி.பி.யை அடுத்துச் சேருங்கள். பிறகு சிட்ரிக் அமிலம், பி.எச். தாளில் 6 முதல் 7 வரை; அதற்குக் கீழே ரொம்ப இறக்கினால் நாளடைவில் எஸ்.எல்.இ.எஸ். சிதையும். உப்பு கடைசி. 200 கிராமையும் மீதி ஒரு லிட்டரில் கரைத்து, ஐம்பது ஐம்பது மில்லியாக ஊற்றுங்கள். முதலில் கெட்டிப்படும், உச்சம் தாண்டினால் திடீரென்று நீர்த்துவிடும். அப்போது மேலும் உப்புப் போடுவது வழக்கமான தப்பு. கொஞ்சம் பேஸ்ட் கரைசல் சேர்த்தால் மீளும். போர் தண்ணீரில் ஏற்கெனவே உப்பு இருப்பதால் பொட்டலம் முழுதும் தேவைப்படாது. சூடாக இருக்கையில் கெட்டியைக் கணிக்காதீர்கள். சித்திரை வெயிலில் நீர்த்துத் தெரிவது சாயங்காலம் கெட்டியாகும்.

உறைமேல் 'ஜெல்' என்று போட்டிருப்பது விளம்பரம்தான். உப்பில் கெட்டியாவது புழுபோல் நீண்டு பின்னிக்கொண்ட மைசெல்களால் (சோப்பு மூலக்கூறுகளின் திரள்களால்). பாட்டிலைச் சாய்த்தால் ஒழுகும். உண்மையான ஜெல்லில் நிலையான வலை வேண்டும். ஆமணக்கு எண்ணெயிலிருந்து எடுக்கும் 12-ஹைட்ராக்சி ஸ்டியரிக் அமிலம் அப்படி இழை வலை பின்னும். ஆய்வுக்கூடங்களில் இதை அடுக்கு நிலைக்குள் சேர்க்கிறார்கள். அடுக்கும் வலையும் ஒன்றையொன்று குலைக்காமல் கூடவே நிற்க, வடிவம் குலையாத ஜெல் கிடைக்கிறது. பாத்திரம் கழுவ அதெல்லாம் வீண் செலவு.

எண்ணெய்ப் பிசுக்குக்குச் செட் வாங்கலாம், தாளை மட்டும் கிழித்துப் போட்டுவிட்டு. வளவு வீட்டுப் பித்தளை அண்டாக்களில் ஏறின களிம்பை இது தொடாது, அதற்குப் புளிதான். மிச்சப் பேஸ்ட்டைக் காற்றுப் புகாமல் மூடி வையுங்கள். மேலே காய்ந்த தோலை வெட்டி எறிந்துவிட்டு உள்ளிருப்பதை எடுங்கள்.