போட்ஸ்டாம் அறிக்கை: விட்டுப்போன வரியா, விட்டுப்போன கையெழுத்தா?

இரண்டாம் உலகப் போரின் கடைசியில் நேச நாட்டுத் தலைவர்கள் ஜெர்மனியின் போட்ஸ்டாம் நகரில் கூடியிருந்தபோது, ஜப்பானைச் சரணடையச் சொல்லி 1945 ஜூலை 26 அன்று வெளியான போட்ஸ்டாம் அறிக்கை என்றாலே, பேச்சு பேரரசரைப் பற்றிய வரியில்தான் போய் நிற்கும். சரி, அங்கிருந்தே தொடங்குவோம்.

அமெரிக்கப் போர்த்துறைச் செயலர் ஸ்டிம்சன் ஜூலை 2 அன்று அதிபர் ட்ரூமனிடம் கொடுத்த வரைவில், அதே அரச வம்சத்தின் கீழ் அரசியல் சட்டத்துக்கு உட்பட்ட முடியாட்சி தொடரலாம் என்று இருந்தது. டோக்கியோவில் பத்தாண்டு தூதராக இருந்த ஜோசப் க்ரூவும் இந்தப் பக்கம்தான். சீனாவிலும் தீவுகளிலும் சிதறிக் கிடந்த படைகள் பேரரசர் சொன்னால்தான் ஆயுதத்தைக் கீழே வைக்கும் என்பது இவர்கள் கணக்கு. மறுபக்கம், புதிய வெளியுறவுச் செயலர் பைர்ன்ஸ். அந்த வரி எதிரிக்குப் பணிந்துபோவதாகத் தெரியும் என்று அவரை எச்சரித்தவர் முன்னாள் செயலர் கார்டெல் ஹல். கடைசியில் வரி போய்விட்டது. 'மக்கள் விருப்பப்படி அமையும் அரசு' என்ற வாசகம் மட்டும் நின்றது. அதில் பேரரசருக்கு இடம் உண்டா இல்லையா என்று யார் படித்தாலும் தெரியாது.

இனி கையெழுத்து. அறிக்கையில் இருந்தவை ட்ரூமன், பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சில், சீனத் தலைவர் சியாங் கை-ஷேக் பெயர்கள். சியாங் தந்தியில் சம்மதம் சொன்னார். சர்ச்சில் அன்றுதான் தேர்தலில் தோற்றார். மூன்று பெயரையும் எழுதியது ட்ரூமனின் கைதான்! அதே ஊரில் இருந்த ஸ்டாலினைக் கேட்கவில்லை. சோவியத் தரப்பு சொந்த வரைவே வைத்திருந்தது. வெளியீட்டைத் தள்ளிப்போடச் சொன்ன சோவியத் வெளியுறவு அமைச்சர் மொலோட்டோவுக்கு, ஏற்கெனவே வெளியாகிவிட்டது என்று பதில் வந்தது. ஜப்பானோடு சோவியத்துக்கு நடுநிலை ஒப்பந்தம் இருந்தது என்பது சாக்கு. ஜூலை 16 அணுகுண்டுச் சோதனைக்குப் பிறகு ஸ்டாலினின் உதவி அவ்வளவு தேவைப்படவில்லை என்பதும் சேர்ந்துகொண்டது.

என் கணக்கில் இந்த இரண்டாவது விடுபடல்தான் பெரியது. வரி முக்கியமில்லை என்று சொல்லமாட்டேன்; ஆகஸ்ட் 10 அன்று ஜப்பான் கேட்ட ஒரே நிபந்தனை அதுதான். ஆனால் அதைப் பிறகு அமெரிக்கா அனுப்பிய ஒரு பதில் குறிப்பில் பேசி முடிக்க முடிந்தது. ஸ்டாலின் பெயர் இல்லாததை டோக்கியோ வேறு மாதிரி எடுத்துக்கொண்டது: மாஸ்கோ இன்னும் சேரவில்லை, மத்தியஸ்தத்துக்கு வழி இருக்கிறது என்று. மத்தியஸ்தம் செய்யும்படி ஜப்பான் ஏற்கெனவே மாஸ்கோவைக் கேட்டிருந்தது; ஜப்பானிய வெளியுறவு அமைச்சர் டோகோ, அதற்குப் பதில் வரும்வரை பொறுப்போம் என்றார்.

ஆகஸ்ட் 8 மாலை ஜப்பானியத் தூதர் சாட்டோ அந்தப் பதிலை எதிர்பார்த்து மொலோட்டோவிடம் போனார். கிடைத்தது போர்ப் பிரகடனம். சோவியத் ஒன்றியமும் போட்ஸ்டாம் அறிக்கையில் சேர்ந்துவிட்டது என்று அதில் எழுதியிருந்தது.