எடுத்ததும் ‘ஃபார்மேட்’ சொல்லாத காரைக்குடி கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை

செக்காலை ரோட்டில் உள்ள இந்தச் சின்னக் கடையில், ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருக்கும் மெஷினை முதலில் பயாஸ் திரையில் (விண்டோஸ் ஏறும் முன் வரும் செட்டிங்ஸ் திரை) கால் மணி நேரம் விட்டுவைக்கிறார்கள். அங்கேயும் அணைந்தால் பெரும்பாலும் ஹார்டுவேர் கோளாறுதான், விண்டோஸைத் தொடவே வேண்டாம். அங்கே அணையாமல் ஓடியதை வைத்தே எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் கொடுக்கும் பெட்டி) நல்லது என்று நம்பிவிடக் கூடாது, பயாஸில் லோடு, அதாவது மின் இழுப்பு, குறைவு. அதனால் லோடு ஏற்றி, 12 வோல்ட் வரும் மஞ்சள் ஒயரை மல்டிமீட்டரில் பார்க்கிறார்கள். 11.4 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் மாற்றியே ஆகவேண்டும். அந்த அளவை நம் கண்ணெதிரே காட்டுவது ரொம்பப் பிடித்தது.

நம்மூர்ச் செம்மண் புழுதி ப்ராசஸர் ஃபேனுக்கு அடியில் கம்பளி மாதிரி அடைந்துவிடும். சூடு ஏறி மெஷின் தானாக அணையும். ஃபேனை விரலால் பிடித்துக்கொண்டு புளோயர் அடிக்கிறார்கள், காய்ந்த தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் பட்டாணி அளவு புதிது வைக்கிறார்கள். ராம் (மெமரி) முனைகளை ரப்பரால் தேய்த்து, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கிறார்கள். ரீசெட் பட்டன் சிக்கியிருந்தால்? அதன் ஒயரைக் கழற்றியும் பார்த்துவிடுகிறார்கள்.

விண்டோஸ் கோளாறு என்றால் ரெக்கவரி திரையின் ஸ்டார்ட்அப் செட்டிங்ஸில் எஃப்9 அழுத்தித் தானியங்கி ரீஸ்டார்ட்டை நிறுத்துகிறார்கள். நீலத் திரையின் பிழைக் குறியீடு அப்போதுதான் நின்று தெரியும். கடைசியாக ஏறிய அப்டேட்டை நீக்கினாலே பல மெஷின்கள் சரியாகிவிடும்.

ஒரே குறை, பில்லில் மாற்றிய பார்ட்டின் மாடலும் வாரண்டியும் எழுதுவதில்லை. கேட்டு எழுதி வாங்குங்கள், பழைய எஸ்எம்பிஎஸ்ஸையும் திருப்பிக் கேளுங்கள்.