சிஎஸ் படிக்க லேப்டாப்: மெல்லிய புதுசா, ரேம் ஸ்லாட் உள்ள பழசா?

கவுன்சலிங் முடிந்து கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் உறுதியானதும் வீட்டில் அடுத்த பேச்சு லேப்டாப்தான். 50 ஆயிரத்துக்குள் வேண்டுமென்றால் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, ஷோரூமில் அடுக்கி வைத்திருக்கும் மெல்லிய புது லேப்டாப். இன்னொன்று, கம்பெனிகள் பயன்படுத்திக் கழித்துவிட்ட பிசினஸ் லேப்டாப்: லெனோவோ திங்க்பேட் டி480, டெல் லாட்டிட்யூட் 5490 வகையறா. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் இவை குவிந்து கிடக்கும். ஓட்டு இரண்டாவதற்குத்தான், அதை முதலிலேயே சொல்லிவிடலாம்.

புதுசின் நல்லதுகள் எல்லோருக்கும் தெரிந்தவை. வாரன்டி உண்டு, எடை குறைவு, ப்ராசஸர் புதியது. 2018இல் வந்த டி480, எழுதிய புரோகிராமை மெஷின் மொழிக்கு மாற்றும் கம்பைல் வேகத்தில் அதோடு போட்டி போட முடியாது. ஆனால் அந்த வேகத்துக்கு அவசரம் என்ன? அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனில் முதல் செமஸ்டரில் பைத்தான், இரண்டாவதில் சி, மூன்றாவதில் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் என்று இருந்தது. இதையெல்லாம் எந்த மெஷினும் ஓட்டிவிடும்.

பிறகு மெஷின் திணறுவது பெரும்பாலும் ரேமில்தான், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் வேலைகளை வைத்துக்கொள்ளும் மெமரியில். 8 ஜிபி மெஷினில் விண்டோஸ் 11 சும்மா இருக்கவே 3, 4 ஜிபி போய்விடும். விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸ் ஓட்டும் டபிள்யூஎஸ்எல்2 போட்டால், மொத்த ரேமில் பாதி வரை எடுத்துக்கொள்ள அதற்கு அனுமதி உண்டு. போன் ஆப் எழுதும் ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவை, திரையிலேயே போன் போல ஓடும் எமுலேட்டரோடு ஓட்ட கூகுளே 16 ஜிபி கேட்கிறது. ரேம் நிரம்பினால் விண்டோஸ், ஃபைல்கள் இருக்கும் எஸ்எஸ்டியை ரேம் போலப் பயன்படுத்தத் தொடங்கும். அப்போது தட்டிய எழுத்து ஒரு கணம் கழித்துத்தான் திரைக்கு வரும்.

சரி, ரேம் ஏற்றிக்கொள்ளலாமே என்றால் சிக்கலே அங்கேதான். மெல்லிய லேப்டாப் பலவற்றில் ரேம் கழற்ற முடியாதபடி மதர்போர்டோடு சால்டர் செய்யப்பட்டிருக்கும். வாங்கிய அன்று 8 என்றால் நாலு வருடமும் 8தான். ஷோரூமிலேயே இதைச் சோதிக்கலாம். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், அதில் மெமரி. 'ஃபார்ம் ஃபேக்டர்' என்ற வரியில் 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்றிருந்தால் அது சால்டர் செய்த ரேம். 'எஸ்ஓடிஐஎம்எம்' என்றிருந்தால் ரேமைக் கழற்றி மாட்டும் ஸ்லாட் உண்டு. பக்கத்திலேயே எத்தனை ஸ்லாட்டில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்பதும் தெரியும். விற்பனையாளர் வாய்வார்த்தையைவிட இந்த ஒரு வரி மேல்.

டி480இல் இரண்டு டிடிஆர்4 ஸ்லாட். 8 ஜிபியோடு வாங்கி, பணம் இருக்கும்போது இன்னொரு 8 போடலாம். இரண்டும் ஒரே அளவாக இருந்தால் டூயல் சேனலில், அதாவது இரண்டும் ஒரே சமயத்தில் ஓடும், கிராபிக்ஸும் கொஞ்சம் தேறும். 3200 வேக ரேம் ஸ்டிக் கிடைத்தாலும் போடலாம், 2400 வேகத்தில் ஓடும். ரேம் விலை ஏறி இறங்கும் சரக்கு என்பதால், தனி ஸ்டிக் விலையை விசாரித்துவிட்டு 8 ஜிபி மெஷினா 16 ஜிபி மெஷினா என்று முடிவு செய்யுங்கள்.

மாற்றும் வேலை கால் மணி நேரம். ஆன் செய்யும்போது எஃப்1 தட்டி, விண்டோஸ் தொடங்கும் முன் வரும் செட்டிங் திரையான பயாஸுக்குள் போய், கான்ஃபிக், பவர் வழியாக உள் பேட்டரியை டிசேபிள் செய்ய வேண்டும். இதை விட்டுவிட்டுத் திறந்தால் போர்டில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும், ஸ்க்ரூடிரைவர் சறுக்கினால் தீர்ந்தது. பிறகு வெளி பேட்டரியைக் கழற்றி, கீழ் மூடியின் ஸ்க்ரூக்களைத் தளர்த்தினால் போதும். அவை மூடியிலேயே நிற்கும், தொலையாது. ஸ்டிக்கைச் சாய்வாகச் செருகி, இரு பக்கமும் கிளிப் 'டக்' என்று பிடிக்கும்வரை அழுத்துங்கள். முதல் தடவை ஆன் செய்ததும் திரை சிறிது நேரம் கறுப்பாகவே இருக்கலாம். பயந்து ஆஃப் செய்யாதீர்கள்.

கீபோர்டும் இதே கதை. ஹாஸ்டலில் டீ கொட்டாத கீபோர்டு ஏது? டி480இல் கீபோர்டை மட்டும் தனியாகக் கழற்றி மாற்றலாம். மெல்லிய லேப்டாப் பலவற்றில் அது மேல் பலகையோடு சேர்த்து அடிக்கப்பட்டிருக்கும், பலகையையே மாற்றச் சொல்வார்கள்.

அடுத்த மாடல்களுக்குப் போனால் கவனம் தேவை. டி490, டி14 முதல் தலைமுறை இரண்டிலும் ஒரு பகுதி ரேம் சால்டர், ஒரே ஒரு ஸ்லாட். டி14எஸ் என்றால் முழுக்க சால்டர். அந்த ஓர் எழுத்துதான் வித்தியாசம்.

இவை தவிர கேமிங் லேப்டாப், மேக்புக் இரண்டையும் சுருக்கமாகச் சொல்லலாம். கேமிங் லேப்டாப்பில் குடா (என்விடியா கிராபிக்ஸ் சிப்பில் கணக்குகளை ஓட்டும் வசதி) ஓடும் என்பது உண்மை. ஆனால் எடை இரண்டு கிலோவுக்கு மேல், சார்ஜரே ஒரு செங்கல், வகுப்பில் பிளக் பாயின்ட் பக்கத்து இடத்துக்குச் சண்டை. பிரவுசரிலேயே புரோகிராம் ஓட்டும் கூகுள் கோலாபில் இலவசமாகவே டி4 ஜிபியு (கிராபிக்ஸ் சிப்) கிடைக்கிறது, பாடத்தில் வரும் மெஷின் லேர்னிங்குக்கு அது போதும். தினமும் மாடல் ட்ரெயின் செய்கிறவருக்கு மட்டும் இந்தக் கணக்கு மாறும். மேக்புக் ஏர், பட்ஜெட் இரட்டிப்பானால் யோசிக்கலாம். பேட்டரியும் மறுவிற்பனை விலையும் அதற்குத்தான் அதிகம். ஆனால் லேபில் கொடுக்கும் இன்டெல் வகை விர்ச்சுவல் மெஷின் (கம்ப்யூட்டருக்குள் ஓடும் இன்னொரு கம்ப்யூட்டர்) ஃபைல், ஆப்பிளின் எம் சிப்பில் வழக்கமான வேகத்தில் ஓடாது. குடாவும் கிடையாது.

பழசு வாங்குவதில் ஏமாறும் இடங்கள் உண்டு. டி470உம் டி480உம் பார்க்க இரட்டைப் பிள்ளைகள். ஐ5-க்கு அடுத்த எண் 8250யு, 8350யு என்று 8இல் தொடங்க வேண்டும். 7இல் தொடங்கினால் விண்டோஸ் 11க்கு ஆதரவு இல்லை, விண்டோஸ் 10க்கோ 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு ஆதரவு முடிந்தது. திரை 1366க்கு 768 என்றால் தொடவே வேண்டாம், புரோகிராம் எழுதக் கண் போகும். பயாஸில் நுழைய சூப்பர்வைசர் பாஸ்வேர்டு கேட்டால் அப்படியே வைத்துவிட்டு வந்துவிடுங்கள், அதற்கு லெனோவோ சொல்லும் வழி போர்டு மாற்றுவதுதான். டச்பேட் மேலெழும்பி, க்ளிக் இறுகியிருந்தால் உள் பேட்டரி உப்பியிருக்கலாம். 'பவர்சிஎஃப்ஜி' கமாண்டில் பேட்டரி ரிப்போர்ட் எடுத்து, டிசைன் கெப்பாசிட்டியையும் ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டியையும் ஒப்பிடுங்கள். பாதிக்குக் கீழ் என்றால் புது பேட்டரி காசை விலையில் கழிக்கச் சொல்லலாம்.

டி480இல் சார்ஜிங் டைப்-சி வழியாக மட்டுமே. இரண்டு டைப்-சி போர்ட்டிலும் மாற்றி மாற்றிச் செருகி, லேசாக அசைத்துப் பாருங்கள். விட்டு விட்டு ஏறினால் அது போர்டு வேலை. டைப்-சி போர்ட்டுக்குப் பின்னால் இருக்கும் உள் மென்பொருளான தண்டர்போல்ட் ஃபர்ம்வேரை வாங்கிய அன்றே அப்டேட் செய்துவிடுங்கள். பழைய ஃபர்ம்வேரில் போர்ட் செயலிழக்கும் கோளாறு இருந்து, லெனோவோவே திருத்தம் வெளியிட்டது. பில்லில் சீரியல் நம்பரை எழுதச் சொல்லுங்கள். கீழ் மூடியில் ஒட்டியிருப்பதும் பயாஸில் தெரிவதும் வேறு வேறாக இருந்தால், மூடியோ மதர்போர்டோ மாறியிருக்கிறது. அடுத்த மெஷினைக் காட்டச் சொல்லுங்கள்.