டீசல் பில்டர் வேலைக்கு நம்பிப் போகலாம்
காலியாக ஓடும்போது ஒன்றும் தெரியாது, லோடு ஏற்றி மேட்டில் மிதித்தால்தான் என் பிக்கப் வண்டி இழுக்காமல் திணறும். வேறொரு இடத்தில் எடுத்ததுமே இன்ஜினுக்குள் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டரைக் கழற்ற வேண்டும் என்றார்கள். நாமக்கல் பைபாஸ் பக்கம் இருக்கும் இந்தச் சின்ன ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக் அண்ணன் முதலில் பில்டரின் அடியில் தண்ணீரை வடிக்க இருக்கும் டிரெய்ன் திருகைத் திறந்து பாட்டிலில் பிடித்துக் காட்டினார், டீசலுக்குக் கீழே தண்ணீர் தனியாக நின்றது, கூடவே கறுப்புக் கசடு. புது பில்டர் மாட்டி, கை பம்ப் இறுகும்வரை அழுத்திக் காற்றை வெளியேற்றி, லீக் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் ஸ்டார்ட் செய்யச் சொன்னார். அப்புறம் லோடோடு மேட்டில் ஓட்டிப் பார்த்தோம், சரியாக இழுத்தது. பழைய பில்டரையும் கையில் கொடுத்துவிட்டார், அந்த நேர்மை ரொம்பப் பிடித்தது. கூட்டம் அதிகம், காலையிலேயே போய்விடுங்கள்.