மூன்று வருடத்துக்கு மேலாக ஒபிஸுக்குச் சலட் கட்டிக்கொண்டு போகிறேன்

2022 பங்குனியில் தொடங்கியது. உடம்பைப் பார்க்க வேண்டும் என்றெல்லாம் நினைக்கவில்லை. இலங்கையில் பொருளாதார நெருக்கடி, காஸ் இல்லை, அவ்வளவுதான். மாதக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் நிற்கும் என்று அறிவித்தார்கள். வெள்ளவத்தையில் மூன்றாம் மாடியில் இருந்துகொண்டு விறகடுப்பு மூட்ட முடியுமா? சிலிண்டரில் மிச்சமிருந்தது காலைத் தேத்தண்ணிக்கும் இரவுச் சோற்றுக்கும்தான் காணும். மத்தியானத்துக்கு அடுப்பைத் தொடாமல் என்ன கட்டலாம் என்று பார்த்தால் கையில் இருந்தது கெக்கரிக்காய், தக்காளி, வெங்காயம், தேசிக்காய். வெட்டி உப்புப் போட்டுப் பெட்டியை மூடினேன். அம்மா எட்டிப் பார்த்தார். "என்ன பிள்ளை, இனி ஆடு மாதிரி இலை குழைதான் தின்னப் போறியோ?"

காஸ் வந்தது, கரண்ட் வந்தது, பழக்கம் மட்டும் போகவில்லை. இப்போதும் கிழமையில் நாலு நாள் சலட்தான். "தினமும் அதையே எப்படித் தின்கிறாய்?" என்று கேட்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அதையே தின்றிருந்தால் இரண்டாம் மாதமே விட்டிருப்பேன்.

முதல் வருடத்தில் பாதி வீணாய்ப் போனது. வீடியோக்களைப் பார்த்துச் சலாது இலை (லெட்டூஸ்), குட்டித் தக்காளி, ஒலிவ் எண்ணெய் என்று சாமான் வாங்கினேன். காலை ஏழேகாலுக்கு வீட்டை விட்டு இறங்கி, கோட்டை ரயிலில் நாலு பேரின் முழங்கைகளுக்கு நடுவே நின்று, பன்னிரண்டரைக்குப் பெட்டியைத் திறந்தால் சலாது இலை மழையில் நனைந்த ரயில் டிக்கெட் மாதிரிக் கிடக்கும். காசும் போய் வயிறும் நிறையவில்லை. அந்த வீடியோக்கள் குளிர் நாட்டுச் சமையலறைகளுக்கானவை. கொழும்பில் காலை ஒன்பது மணிக்கே சட்டை முதுகில் ஒட்டிவிடுகிறது.

அப்புறம் சலாது இலையை விட்டு கோவாவுக்கு மாறினேன். மயிர் போல மெல்லிசாகச் சீவிய கோவா அரை நாள் கழித்தும் கறுக்முறுக்கென்று இருக்கும், விலையும் குறைவு. எனக்கு முதலில் பிடிபட்ட விஷயம் இதுதான்: பெட்டிக்குள் ஐந்து மணித்தியாலம் தாங்குமா என்று பார்த்துத்தான் மரக்கறி வாங்க வேண்டும். கோவா, கரட், பீற்றூட், அவித்த போஞ்சி, கறிமிளகாய் தாங்கும். தக்காளியை முழுதாகக் கொண்டுபோய் ஒபிஸில் வெட்டுவேன். கெக்கரிக்காயின் நடுவிலுள்ள விதைப் பகுதியைக் கரண்டியால் வழித்து எறிந்துவிட்டால் தண்ணீர் அவ்வளவு விடாது. காலையில் உப்புப் போடுவதே இல்லை. உப்புப் பட்ட மரக்கறி தன் தண்ணீரையெல்லாம் வெளியே விட்டுவிடும், மத்தியானம் சலட்டுக்குப் பதிலாக ரசம்தான் இருக்கும்.

வல்லாரையைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும். நாம் வீட்டில் காலங்காலமாகச் செய்துவந்த சலட் அதுதானே. வல்லாரை, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், தேங்காய்ப்பூ, தேசிப்புளி. இதைச் சோற்றுக்குப் பக்கத்தில் ஒரு கரண்டி வைத்துப் பழகியதால் சம்பல் என்கிறோம், பெட்டி நிறைய வைத்தால் சலட். ஆனால் கட்டிக்கொண்டு போவதில் இரண்டு தரம் தோற்றேன். முதல் தரம் காலையிலேயே புளி விட்டுவிட்டேன். புளி பட்டால் இலையின் பச்சை நிறம் மாறிவிடும். மத்தியானம் பார்க்கச் சாணிப்பச்சை, ருசியும் சோர்ந்துபோயிருந்தது. இரண்டாம் தரம் துருவிய தேங்காயைக் கலந்தேன். அன்று ஒபிஸ் பிரிட்ஜில் இடம் இல்லை, பெட்டி மேசையிலேயே இருந்தது. திறந்ததும் ஒரு புளித்த வாசம். பசியில் பாதியைத் தின்றேன், அதற்கான கூலியை இரவு முழுக்கக் கட்டினேன்.

இப்போது தேங்காய்ப்பூவை வெறும் சட்டியில் பொன்னிறமாக வறுத்து, ஆறவிட்டு, தனியாக ஒரு சின்ன டப்பாவில் கொண்டுபோகிறேன். பச்சைத் தேங்காயை விட வாசமாகவும் இருக்கிறது. சைவம் இல்லாத நாட்களில் அதோடு கொஞ்சம் இடித்த மாசிக் கருவாடு. வல்லாரை தாழ்ந்த ஈர நிலத்தில் வளர்வது, பச்சையாகத் தின்பதால் கழுவுவதில் சோம்பல் கூடாது. ஞாயிற்றுக்கிழமை சந்தையால் வந்ததும் இலை ஆய்ந்து, மண் அடியில் நிற்காதவரை நாலைந்து தண்ணீரில் அலசி, வடியவிட்டு, பழைய பருத்தித் துணியில் சுருட்டி பிரிட்ஜில் வைப்பேன். ஈரம் இல்லாமல் வைத்தால் புதன்கிழமை வரை நிற்கும். வெட்டுவது மட்டும் அன்றன்று காலையில்.

அடுத்த பிரச்சினை பசி. வெறும் மரக்கறிச் சலட் தின்றால் மூன்று மணிக்கு வயிறு கூப்பிடும், நாலு மணிக்குக் கன்டீன் ரோல்ஸ் கண்முன்னால் வந்து நிற்கும். ஒரு நாளில் இரண்டு ரோல்ஸ் தின்றால் சலட் கட்டியதில் என்ன பிரயோசனம்? இதற்கு வழி சொன்னது ஹட்டன் பக்கத்திலிருந்து வந்து எங்கள் பிரிவில் வேலை செய்யும் ஓர் அக்கா. என் பெட்டியைப் பார்த்து, "இதுல பிடிப்பா ஒண்ணுமே இல்லையேம்மா, கொஞ்சம் கடலை போட்டுக்கயேன்" என்றார். அன்றிலிருந்து கடலை, கௌபி, பயறு இல்லாமல் பெட்டி மூடுவதில்லை. காய்ந்த பயறு நூறு கிராமில் புரதம் ஏறக்குறைய 24 கிராம் இருக்கிறது, ஒரு முட்டையில் ஆறு கிராம் அளவில்தான். ஒரு கைப்பிடி பயறும் ஒரு முட்டையும் போட்டால் நாலு மணி ரோல்ஸ் ஞாபகத்துக்கே வராது.

கடலையை இரவு ஊறப்போட்டுக் காலையில் குக்கரில் அவித்து, நாலு பொட்டலமாகப் பிரித்து பிரீசரில் போட்டால் ஒரு கிழமை கவலையில்லை. முளைப்பயறுக்குக் கொழும்புச் சூடு நல்ல கூட்டாளி. காலையில் ஊறப்போட்டு, இரவில் வடித்து ஈரத்துணியில் கட்டித் தொங்கவிட்டால் அடுத்த நாள் இரவுக்குள் முளை எட்டிப் பார்க்கும். நான் அதைப் பச்சையாகப் போடுவதில்லை, கொதிநீரில் இரண்டு மூன்று நிமிடம் போட்டு எடுப்பேன். முளை விடும் சூடும் ஈரமும் கிருமிக்கும் பிடித்தவைதானே. சிவப்புப் போஞ்சி விதை வாங்கினால் அரைவேக்காட்டில் இறக்காதீர்கள், அது வயிற்றைப் புரட்டிவிடும்.

சேர்மானத்தில் நான் அதிகம் திரும்பித் திரும்பிச் செய்வது கௌபி, துருவிய கரட், மாங்காய், பச்சை மிளகாய், வறுத்த தேங்காய்ப்பூ. காலிமுகத்திடலில் கடலை வாங்கித் தின்ற நாக்குக்கு இது புதிதாகத் தெரியாது. அன்னாசி, கெக்கரி, உப்பு, மிளகாய்த்தூள், மிளகு இன்னொன்று. ஆனால் அன்னாசியைத் தயிரோடு கலந்து வைத்துவிடாதீர்கள், மத்தியானத்துக்குள் கசந்துபோகும். வற்றாளைக் கிழங்கை அவித்துத் துண்டாக்கி, வெங்காயமும் தயிரும் மிளகும் போட்டால் சோறு இல்லாத குறையே தெரியாது. பாகற்காயை மெல்லிசாக வெட்டிப் பொரித்து, வெங்காயத்தோடும் தேசிப்புளியோடும் தின்பது எனக்குச் சொர்க்கம், பக்கத்து மேசைக்காரருக்கு நரகம். நெத்தலிக் கருவாட்டைப் பொரித்துக் கடதாசியில் தனியாகச் சுற்றிக்கொண்டு போய்க் கடைசியில் தூவினால் மொறுமொறுப்புப் போகாது. மக்கரோனிச் சலட் செய்து பார்த்தேன், மயோனைஸ் இந்தச் சூட்டுக்கு ஆகாது, விட்டுவிட்டேன். தை மாசியில் யாழ்ப்பாணத்திலிருந்து யாராவது பனங்கிழங்கு கொண்டுவந்தால் அன்று மெனு தானாகவே தீர்மானமாகிவிடும். மரவள்ளியும் இஞ்சியும் ஒரே பெட்டிக்குள் போகக் கூடாது என்பது எங்கள் வீட்டில் அம்மாவின் சட்டம், அதை மீற எனக்குத் துணிவில்லை.

ஒரே மரக்கறி வேறு வேறாக ருசிப்பது மேலே விடும் புளியால்தான். பழைய மார்மைட் போத்தல் ஒன்றைக் கழுவி வைத்திருக்கிறேன், இறுக்கி மூடினால் ஒரு சொட்டும் கசியாது. அதில் இரண்டு கரண்டி தேசிப்புளி, ஒரு கரண்டி நல்லெண்ணெய், உப்பு, மிளகு. ஒபிஸில் குலுக்கி ஊற்றுவேன். மற்றது, கொம்பனித்தெருவில் இருக்கும் மலே தோழி சொல்லித் தந்தது: அவர்கள் அச்சாறுக்குப் போடுவது போலக் கடுகை வினாகிரியில் அரைத்து, கொஞ்சம் சீனி சேர்ப்பது. இதை இரண்டு கிழமைக்கு ஒருமுறை செய்து பிரிட்ஜில் வைத்துவிடுவேன். கோவாவுக்கும் கரட்டுக்கும் இதைவிடப் பொருத்தமானதை நான் இன்னும் தின்னவில்லை. மூன்றாவது, வறுத்த கச்சானை மிளகாயும் புளியும் வைத்து இடித்துத் தண்ணீரில் கரைப்பது.

பெட்டிகள் மூன்று மாற்றிவிட்டேன். பிளாஸ்டிக் பெட்டி ஒரே மாதத்தில் பீற்றூட் நிறத்தில் சிவந்து, மூடியின் ரப்பரில் வெங்காய வாசம் குடியேறிவிட்டது. கண்ணாடிப் பெட்டி சுத்தம்தான், ஆனால் மடிக்கணினியோடு சேர்த்துத் தோளில் தூக்கிக்கொண்டு ரயிலில் நின்று பாருங்கள். இப்போது இரண்டு தட்டு எவர்சில்வர் பெட்டி. கீழ்த்தட்டில் கடலையும் கிழங்கும், மேல்தட்டில் இலை. பக்கத்தில் சின்னத் தண்ணீர்ப் போத்தல் ஒன்றை இரவே பிரீசரில் உறையவைத்து, துணியில் சுற்றிப் பெட்டியோடு சேர்த்துக் கட்டுவேன். சாப்பாட்டு நேரத்தில் அதுவே குளிர்ந்த குடிதண்ணீர். சமைத்த உணவை 5 பாகைக்கும் 60 பாகைக்கும் நடுவிலான சூட்டில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்பது விதி. எங்கள் ஒபிஸ் பிரிட்ஜை நம்பி இந்த விதியைக் காப்பாற்ற முடியாது. யாருடையதோ பிறந்தநாள் கேக் அதில் நிரந்தரமாகக் குடியிருக்கிறது.

செலவு குறையும் என்று சத்தியம் பண்ண மாட்டேன். 2024 தொடக்கத்தில் கரட் கிலோ 2000 ரூபாயைத் தாண்டியபோது சந்தைக்காரர் என் முகத்தைப் பார்த்து, "கரட்டை இண்டைக்குப் பார்த்திட்டு மட்டும் போங்கோ தங்கச்சி" என்றார். அந்த மாதம் முழுக்கப் பப்பாசிக்காய்த் துருவல்தான். பச்சைப் பப்பாசி, கச்சான், மிளகாய், தேசிப்புளி. கரட் மலிந்த பிறகும் அதை விடவில்லை.

மெலிந்தாயா என்று எல்லாரும் கேட்பார்கள். 2022 இல் இரண்டு கிலோ குறைந்தது, அது காஸ் கியூவில் நின்றதால். எனக்குத் தெரிந்த மாற்றம் வேறு. சோற்றுப் பார்சல் தின்ற நாட்களில் இரண்டு மணிக்கு வந்து அமுக்கும் தூக்கம் இப்போது வருவதில்லை. சாப்பிட்ட கையோடு குடித்துவந்த பிளேன் டீயையும் ஒரு மணித்தியாலம் தள்ளிப்போட்டேன். இலையிலும் பயறிலும் இருக்கும் இரும்புச்சத்து உடம்பில் சேரத் தேசிப்புளி உதவும், தேயிலை தடுக்கும். இந்தத் தேத்தண்ணி விஷயம்தான் எல்லாவற்றிலும் கஷ்டமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை பெட்டி இல்லை. அன்று ஹட்டன் அக்காவும் மலே தோழியும் நானுமாகப் பக்கத்துக் கடைக்குப் போய் சோறு, பருப்பு, கத்தரிக்காய் மோஜு, பப்படம் என்று ஒரு பிடி பிடிப்போம். கடைக்காரர் தட்டின் ஓரத்தில் ஒரு கரண்டி வல்லாரைச் சம்பல் வைப்பார். அக்கா தன்னுடையதையும் என் தட்டுக்குத் தள்ளிவிடுவார்.