மெர்சி பீட்: ஒரு நகரத்தின் இசை இதழ்

லிவர்பூல் கலைக் கல்லூரியில் ஜான் லெனனுடன் படித்த பில் ஹாரி, கடனாகப் பெற்ற 50 பவுண்டை முதலாகக் கொண்டு 1961 ஜூலை 6 அன்று தொடங்கிய ‘மெர்சி பீட்’, லண்டன் இதழ்கள் ஏறெடுத்தும் பாராத உள்ளூர் இசைக்குழுக்களுக்கென்றே மாதம் இருமுறை வெளிவந்த, மூன்று பென்ஸ் விலையுள்ள இதழாகும். ரென்ஷா தெருவின் சிறிய அலுவலகத்தில் உருவான அதன் முதல் இதழிலேயே, தாம் பாடிய பீட்டில்ஸ் இசைக்குழு தோன்றிய கதையைக் குறும்பு கொப்பளிக்க லெனன் எழுதியிருந்தார். அந்தப் பக்கத்துக்காகவே பழைய இதழ்களைத் தேடிப் படிக்கலாம்.

நெம்ஸ் இசைத்தட்டுக் கடையை நடத்திய பிரையன் எப்ஸ்டீன், இதழ் மளமளவென்று விற்றுத் தீர்வதைக் கண்டு, 1961 ஆகஸ்டு முதல் இசைத்தட்டு விமர்சனமும் எழுதலானார். விற்பவரே விமர்சகராவது இன்றைய வாசகருக்கு நெருடலாம். ஆனால் கடைக்கு வருவோரின் ரசனையை அறிந்தவரின் எழுத்து என்பதால் அதில் சரக்கு இருக்கிறது.

1962 ஜனவரியில் வாசகர் வாக்கெடுப்பில் பீட்டில்ஸ் முதலிடம் பெற்றபோது, முகப்பிலேயே அக்குழுவின் பால் மெக்கார்ட்னியின் பெயரைப் பிழையாக அச்சிட்டார்கள். மெய்ப்புத் திருத்தம் இவ்விதழின் பலமன்று. உள்ளூர்ச் செய்திகளின் நெருக்கமே பலம். 1960களின் நடுவில் நாடு தழுவிய இதழாக விரிய முற்பட்டபோது முதலில் தேய்ந்ததும் அதுதான். பின்னர் மெர்சி பீட் ‘டிஸ்க்’ என்ற இசை இதழுடன் இணைக்கப்பட்டது.