வெல்டிங்கா, வார்ப்பா? பெங்களூருவில் உலோகச் சிற்பம் படிப்பவர்களுக்கு

பெங்களூருவில் நுண்கலைப் பட்டப்படிப்பில் சிற்பத்தை எடுக்கும் தமிழ்ப் பிள்ளைகளிடம் ஊரார் கேட்பது ஒன்றுதான்: "சாமி சிலை செய்வாயா?" தாராளமாகச் செய்யலாம். ஆனால் கையில் காசு குறைந்த மாணவர் முதலில் வெல்டிங் பழகட்டும் என்பதே என் கட்சி.

செலவுக் கணக்கைப் பாருங்கள். வார்ப்பில் முதலில் மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு, அந்த வெற்றிடத்தில் உருகிய உலோகத்தை ஊற்றுவார்கள். மெழுகின் எடையைப்போல ஏறத்தாழ ஒன்பது மடங்கு வெண்கலம் பிடிக்கும். ஒரு கிலோ மெழுகில் தலை செய்தால் ஒன்பது கிலோ உலோகம் வாங்க வேண்டும். வார்க்கும் வாய்க்காலில் உறைவது தனிக் கணக்கு. இரும்போ சிவாஜிநகர் பழைய சாமான் கடைகளில் மலிவாகக் கிடைக்கிறது. ஒட்டிய கோணம் பிடிக்கவில்லையா, கிரைண்டரால் அறுத்து மறுபடி ஒட்டலாம். துத்தநாகம் பூசிய குழாயை மட்டும் அப்படியே வெல்டிங் செய்யாதீர்கள். அந்தப் புகையால் இரவில் குளிர்காய்ச்சல் வரும்.

வார்ப்பு அவ்வளவு தாராளமாக மனம் மாற விடாது. தேன்மெழுகும் குங்கிலியமும் கடலை எண்ணெயும் கலந்து உருவம் செய்கிறார்கள். சுவாமிமலையில் அதன்மேல் முதலில் பூசுவது காவிரி வண்டல். மெழுகில் பட்ட நகக்கீறலைக்கூட அந்த மண் விடாமல் பிடித்துக்கொள்ளும். பிறகு மண் காய வேண்டும்; அங்கேதான் பெங்களூரு மழை வம்பு செய்கிறது. ஈரம் மிச்சமிருந்தால், 1,000 டிகிரிக்கு மேல் கொதிக்கும் உலோகம் பட்டவுடன் நீராவி அச்சைப் பிளந்துவிடும். உருகிப்போன மெழுகும் திரும்பாது. முன்னதாக மெழுகு உருவத்துக்கு ரப்பர் அச்சு எடுத்துவைத்திருந்தால், அதில் மறுபடி மெழுகு ஊற்றித் தப்பிக்கலாம்.

தகட்டு வேலை மூன்றாவது வழி. சென்னைக்கு அருகே உள்ள சோழமண்டலம் கலைஞர் கிராமத்தைச் சேர்ந்த சிற்பி பி.வி. ஜானகிராம் செம்புத் தகட்டைத் தட்டி, கம்பிகளைப் பற்றவைத்துச் செய்த சிற்பங்களைப் பார்த்தவர்கள் அதை ஏழையின் வார்ப்பு என்று சொல்ல மாட்டார்கள். சத்தம்தான் அதிகம், வாடகை அறைக்கு ஆகாது.

முகமும் உடலும்தான் உங்கள் நாட்டம் என்றால் வார்ப்பைத் தவிர்க்க முடியாது. கோடை விடுமுறையில் கும்பகோணத்துக்கு இரவு ரயில் ஏறி, சுவாமிமலைப் பட்டறை ஒன்றில் அனுமதி கேட்டு உட்காருங்கள். உளி வேலையைக் கவனியுங்கள். அங்கே நகைகளின் நுணுக்கத்தில் பெரும்பகுதி வார்த்த பிறகு செதுக்கப்படுவதுதான். மெழுகு உருவத்தைக் கொண்டுபோவதானால் ஈரத்துணி சுற்றிக் கொள்ளுங்கள். மே மாத வெயிலில் கும்பகோணம் சேர்வதற்குள் மூக்கு சாய்ந்துவிடும்.